வானொலியும் ஸ்ரீ கேஸ்கரும்

நாட்டை ஆள்வது ஒன்று; நாட்டாரின் செவியை ஆள முயல்வது வேறொன்று. முன்னதில் வல்லவர்களும் பின்னதில் இடறியதுண்டு. இதற்கு ஸ்ரீ பாலகிருஷ்ண விசுவநாத கேஸ்கரின் வாழ்க்கையைக் காட்டிலும் தெளிவான சான்று நம் தேச சரித்திரத்தில் கிடைப்பது அரிது.

1903-ஆம் ஆண்டில் மகாராஷ்டிரக் குடும்பமொன்றில் பிறந்த கேஸ்கர், காசி வித்யாபீடத்திலும் பின்னர் பாரிஸ் நகரிலும் கல்வி பயின்றவர். காங்கிரஸ் மகாசபையின் காரியதரிசிகளுள் ஒருவராக உழைத்தார். சுதந்தரத்திற்குப் பின் வெளிநாட்டு இலாகாவின் உதவி மந்திரியானார். சாஸ்திரீய சங்கீதத்தில் தோய்ந்த உள்ளம் அவருடையது. 1952-இல் பண்டித நேரு அவரிடம் செய்தி, ஒலிபரப்பு இலாகாவை ஒப்படைத்தார். 1962 வரை, பத்தாண்டுக் காலம் அது அவர் வசமே இருந்தது.

அவர் செய்த நன்மையை முதலில் கூறுவதே நியாயம். சமஸ்தானங்கள் மறைந்ததும் வித்துவான்களை ஆதரித்து வந்த அரண்மனைகளும் மறைந்தன. அவ்விடத்தைச் சர்க்கார் ஏற்கவேண்டும் என்று அவர் உறுதி கொண்டார். 1952 ஜூலை 20-இல் தேசிய சங்கீத நிகழ்ச்சி தொடங்கிற்று. வடக்கே கர்நாடக சங்கீதமும் தெற்கே ஹிந்துஸ்தானி சங்கீதமும் வீடு தேடிச் சென்றன. அதே ஆண்டில் அமைந்த வாத்திய விருந்தாவை ஸ்ரீ ரவிசங்கரும் நம் டி. கே. ஜயராமய்யரும் நடத்தினர். 1954-இல் வானொலி சங்கீத சம்மேளனமும் பிறந்தது. எத்தனையோ கலைஞர் குடும்பங்களுக்கு வானொலி நிலையமே புதிய அரண்மனையாயிற்று.

இத்துடன் அவர் நின்றிருக்கலாம், நிற்கவில்லை. சினிமாப் பாட்டு ஜனங்களின் ருசியைக் கெடுக்கிறது என்று கருதி அதன் நேரத்தை வெகுவாகக் குறைத்தார். படத்தின் பெயரைச் சொல்வது விளம்பரமாகும் என்று அதையும் நிறுத்தச் செய்தார். படமுதலாளிகள் சினங்கொண்டு, தங்கள் பாட்டுகளை ஒலிபரப்ப அளித்திருந்த அனுமதியை ரத்துச் செய்தனர். சில மாதங்களில் இந்திய வானொலியிலிருந்து சினிமாப் பாட்டு ஏறக்குறைய மறைந்தே போயிற்று.

ஜனங்கள் என்ன செய்தார்கள்? ஊர்வலம் போகவில்லை, மனுப்போடவில்லை. பெட்டியின் குமிழைத் திருகினார்கள். இரண்டாம் உலக யுத்தத்தின்போது நேசநாட்டுப் படைகள் கொழும்பில் நிறுவிய வலிய ஒலிபரப்புச் சாதனம் யுத்தத்திற்குப் பின் இலங்கை வானொலிக்குக் கிடைத்திருந்தது. கடலுக்கு அப்பாலிருந்து தமிழ்ப் பாட்டும் ஹிந்திப் பாட்டும் ஓயாமல் வந்தன. நாம் வசிக்கும் நூம்பல் போன்ற பூவிருந்தவல்லிப் பக்கத்துக் கிராமத்தானுக்கும், பக்கத்திலுள்ள சென்னை நிலையத்தைவிடக் கொழும்பே நெருங்கிய உறவாயிற்று. நம் வியாபாரிகளின் விளம்பரப் பணமும் அங்கேயே சென்றது. தேசத்தின் ருசியை உயர்த்த எண்ணியவர், தேசத்தின் செவியை அந்நிய நிலையத்திற்குக் கொடுத்துவிட்டார்.

முடிவில் சர்க்கார் இறங்கி வந்தது. 1957 அக்டோபர் 3-இல் விவித பாரதி என்ற பெயருடன் மெல்லிசைக்கும் சினிமாப் பாட்டுக்கும் தனிச் சேவை ஏற்பட்டது. கேஸ்கர் மந்திரியாக இருக்கும்போதே இது நடந்தது என்பது கவனிக்கத் தக்கது. பதவி நீங்கிய பின் அவர் நேஷனல் புக் டிரஸ்டின் தலைவராகப் பணிபுரிந்து, 1984-இல் காலமானார்.

அவர் சுயநலக்காரர் அல்லர். நேர்மையிலும் கல்வியிலும் குறையில்லாதவர். அதனாலேயே அவர் கதை நமக்கு எச்சரிக்கையாகிறது. அக்காலத்தில் 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் பலத்தால் ஒலிபரப்புச் சர்க்காரின் ஏகபோகமாக இருந்தது. அந்த அதிகாரத்தைக் கொண்டு, கேட்போரை ஒரு தரப்பாக விசாரிக்காமலே அவர் தீர்ப்பளித்தார். ஆகாய அலைகள் பொதுச் சொத்து என்று சுப்ரீம் கோர்ட்டு 1995-இல் கூறிற்று. அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே குமிழைத் திருகிய எளிய கைகள் அவ்வுண்மையை நிலைநாட்டிவிட்டன. நல்ல சங்கீதத்தை ஜனங்கள் முன் வைப்பது சர்க்காரின் கடமை. மற்றதைக் கேட்காதே என்பது அதன் உரிமையன்று. தீய மந்திரிகளிடமிருந்து மட்டுமல்ல, நல்ல மந்திரிகளின் நல்லெண்ணத்திலிருந்தும் ஜனங்களின் சுதந்தரத்தைக் காத்துக்கொள்ள வேண்டும் என்பதே நம் துணிபு.