தலைமை எய்தாத தனிவீரர்: பல்வங்கர் பாலு

விழா மலர் வெளியாகுங் காலத்திற் பெயர்ப்பட்டியலும் உடன் பிறப்பது வழக்கம். மண்டபச் சுவரில் எந்த அணித்தலைவரின் படம் தொங்கவேண்டும், பலகையில் எவர் பெயர் பொன்னெழுத்தாற் பொறிக்கப்படவேண்டும் என்ற ஆராய்ச்சி தொடங்கிவிட்டால், நேற்றுவரை ஒரே பந்தை உதைத்த நண்பர்களும் இரு கட்சியாகப் பிரிந்துவிடுவர். புத்தளம், கற்பிட்டி, உடப்பு, சிலாபம் என நீளும் இக்கரையில், கரைவலை இழுத்து ஓய்ந்த மணலிலே பந்தடித்து வளர்ந்தவர்கள் நாம். பந்தைக் கம்பங்களுக்கிடையே செலுத்தியவன் யாரென்பது ஊரறிந்த செய்தி. அவனை அணியிற் சேர்த்தவரும் சேர்க்காது விட்டவரும் எதனைக் கண்டு முடிவு செய்தனர் என்பதோ எளிதில் வெளிவராத செய்தி.

இந்தச் செய்தியே ஒரு மனிதரின் விளையாட்டு வாழ்வு முழுவதிலும் நிழலாகத் தொடர்ந்தது. அவர் எமது நாட்டவர் அல்லர், உதைபந்தாட்டக்காரரும் அல்லர். இந்தியாவின் முதற் பெரும் பந்துவீச்சாளர் எனப் போற்றத்தக்க பல்வங்கர் பாலு அவர். அவர் ஆடிய அணியின் பெயர் இந்துக்கள் என்பது. ஆதலின் ஓர் இந்துக் கல்லூரியின் மலரில் அவர் வரலாறு இடம்பெறுதல் தகும் என்று துணிந்தோம்.

பாலு 1870களின் நடுவில் தார்வார் நகரிற் பிறந்தார். தந்தையார் படைத்துறையைச் சார்ந்து வாழ்ந்தவர். குலமோ தோல்வினை செய்யும் சமார் குலம்; அக்காலத்துச் சமூகம் தீண்டலாகாதென்று ஒதுக்கிய குலங்களுள் ஒன்று. குடும்பம் பூனாவில் வாழ்ந்தபோது, படைவீரர் விட்டெறிந்த பழைய பந்தும் மட்டையுமே பாலுவுக்கும் தம்பியருக்கும் ஆசான்களாயின. பார்சிகளின் கழகமொன்றில் ஆடுகளத்தைக் கூட்டவும் உருளையிட்டுச் சமன் செய்யவும் மாதம் மூன்று ரூபா ஊதியத்தில் அமர்ந்தார். பின்னர் ஐரோப்பியரின் பூனாக் கழகத்தில் நான்கு ரூபா. வலை கட்டுவதும் கோடு கிழிப்பதும் அவர் கடமை. ஓய்வு நேரத்தில் வெள்ளையர் துடுப்பெடுத்துப் பயில்வதற்குப் பந்து போட்டுக் கொடுப்பார்.

அவ்வாறு பயின்றவருள் ஒருவர் கிரேக் என்னும் படைத்தலைவர். தம்மை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறைக்கும் எட்டணா தருவதாக அவர் பாலுவுக்கு வாக்களித்தார் என்றொரு கதை வழங்குகின்றது. கதை எப்படியாயினும், நாடோறும் மணிக்கணக்காக வீசி வீசியே இடக்கைச் சுழற்பந்துக் கலை அவருக்குக் கைவந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் துடுப்பை ஒரு நாளேனும் அவர் கையிற் கொடுக்க அக்கழகத்தாருக்கு மனம் வரவில்லை. வியர்வை சிந்தி வீசுவது ஊழியன் தொழில், துடுப்பெடுப்பது பெருமக்கள் தொழில் என்ற எண்ணம் அக்காலத்தில் அத்துணை ஆழமாக வேரூன்றியிருந்தது.

பூனாவின் இந்துக் கழகத்தார் ஐரோப்பியரை வெல்ல விரும்பினர். வெல்லும் கை பாலுவிடம் இருந்தது. சேர்ப்பதா வேண்டாவா என்று கழகத்தார் பிளவுபட்டனர். தெலுங்கர் சேர்க்கலாமென்றனர், உள்ளூர் அந்தணர் தயங்கினர். இறுதியிற் சேர்த்தனர். எவ்வாறு சேர்த்தனர் என்பதைத்தான் மாணாக்கர் கூர்ந்து நோக்கவேண்டும். களத்தில் அவர் தொட்ட பந்தை மற்றையோரும் தொட்டனர். இடைவேளை வந்ததும் தேநீர் அவருக்கு மண்கலத்தில், கூடாரத்துக்கு வெளியே கொடுக்கப்பட்டது. குடித்தபின் அக்கலம் எறியப்படும். முகங்கழுவ நீர் வேண்டின், அவர் குலத்து ஏவலாள் ஒருவன் ஒரு மூலைக்குக் கொண்டுவந்து வார்ப்பான். உணவும் தனியிடத்திலே. பந்துக்கு இல்லாத தீட்டு தேநீர்க் கிண்ணத்துக்கு எங்ஙனம் வந்ததென்று எந்தச் சாத்திரியாரும் விளக்கினாரில்லை. நீதியரசர் ரானடே போன்ற பெரியோர் பாலுவை வெளிப்படையாக ஆதரித்த பின்னரே நிலைமை சிறிது நெகிழ்ந்தது.

1896இல், பூனாவிற் கொள்ளைநோய் பரவிய காலத்தையொட்டி, பாலு பம்பாய் சென்றார். புகையிரதப் பகுதியில் வேலையும் இந்து ஜிம்கானா அணியில் இடமும் கிடைத்தன. 1906இல் இந்துக்கள் ஐரோப்பியரை எதிர்த்து ஆடினர். இந்துக்கள் எடுத்தவை 242, 160. ஐரோப்பியர் எடுத்தவை 191, 102. ஆள்வோரை ஆளப்படுவோர் 109 ஓட்டங்களால் வென்ற அவ்வாட்டத்தில் எட்டு விக்கெட்டுக்கள் பாலுவின் பங்கு. நாடெங்கும் அதனை ஒரு விடுதலைச் செய்திபோற் கொண்டாடினர்.

1911இல் அகில இந்திய அணியொன்று முதன்முறையாக இங்கிலாந்து சென்றது. தலைவர் பாட்டியாலா மகாராசா. விருந்தும் வரவேற்பும் அவர் நேரத்தைப் பெரிதும் கவர்ந்தன. அணியோ பெரும்பாலான ஆட்டங்களிற் தோற்றது. தோல்விக்கு நடுவே பாலு மட்டும் 114 விக்கெட்டுக்களை வீழ்த்தினார். தோற்கும் அணியில், தோள்வலியைப் பொருட்படுத்தாது, நாற்பதை நெருங்கும் வயதில் நிகழ்த்திய செயல் இது. ஊர் திரும்பியபோது அவருக்கு எடுத்த வரவேற்பில், அப்போது மாணவராயிருந்த அம்பேத்கர் வரவேற்புரை வழங்கினார் என்பர்.

இத்தகையவருக்கு இந்துக்கள் அணியின் தலைமை கிடைத்திருக்க வேண்டுமல்லவா? 1910க்குப் பிந்திய பத்தாண்டுகளில் அக்கோரிக்கை மீண்டும் மீண்டும் எழுந்தது. மீண்டும் மீண்டும் தட்டிக்கழிந்தது. தேர்வுக் குழுவொன்று சாதி என்ற சொல்லைக் குறிப்பேட்டில் எழுதவேண்டிய தேவை ஒருநாளும் நேர்வதில்லை. இளமையில் அனுபவம் போதாதென்னலாம். முதுமையில் வயது கடந்ததென்னலாம். இடையிற் படிப்பும் பழக்கமும் போதாவென்னலாம். ஒவ்வொன்றும் தனித்து நோக்கின் நியாயமாகவே தோன்றும். பத்தாண்டுக் காரணங்களை வரிசையாக வைத்துப் பார்க்கும்போதுதான் அவை யாவும் ஒரே வாயிலை அடைத்து நிற்பது புலப்படும். வீழ்த்திய விக்கெட்டுக்களை எண்ணலாம். அதனை எவரும் மறுத்தாரில்லை. எண்ணிக் காட்டவியலாத தகுதியிலேதான் பாரபட்சம் குடியிருக்கின்றது.

1920இற் பிணக்கு வெடித்தது. பாலு அணியிலிருந்து நீக்கப்பட்டார். தலைவராக நியமனம் பெற்ற பாய் என்பவர் நோயுற்றபோது, அப்பதவி பாலுவின் தம்பி விட்டலுக்குச் செல்லாது, பூனாவைச் சேர்ந்த தேவ்தருக்குச் சென்றது. விட்டலும் மற்றொரு தம்பி சிவராமும் சாதிப் பாகுபாட்டைக் கண்டித்து அணியை விட்டு விலகினர். சோறு போடும் புகழைத் துறந்து எழுந்து நின்ற அச்செயலையே, அண்ணன் வீழ்த்திய விக்கெட்டுக்கள் அனைத்தினும் மேலாக நாம் மதிக்கின்றோம். பொதுமக்கள் கருத்தும் அவர்பக்கம் திரும்பவே, இறுதியாட்டத்திற்குப் பாலு உதவித் தலைவராக அழைக்கப்பட்டார். ஆட்டத்தினிடையே பாய் களத்தைவிட்டு நீங்க, சிறிது நேரம் பாலு அணியை நடத்தினார். நாற்பத்து நான்கு வயதளவிற் கிட்டிய அச்சிறு பொழுதே அவருக்கு வாய்த்த தலைமை. 1923இல் விட்டல் முறையாகத் தலைவரானார், ஐரோப்பியரை வென்றார், இரசிகர் அவரைத் தோளிற் சுமந்தனர்.

தேவ்தரைக் குறை கூறல் எமது நோக்கமன்று. அவர் தேர்ந்த துடுப்பாட்டக்காரர். எவர் பறித்துக் கொடுத்ததையும் அவர் கேட்டுப் பெற்றாரென்பதற்குச் சான்றில்லை. எனினும் ஒன்று நெஞ்சில் தைக்கின்றது. 1973இல் தேவ்தர் பெயரால் தேசியக் கோப்பையொன்று தோன்றியது. பாலுவின் பெயரால் அத்தகைய கோப்பை அக்காலத்தில் எவருக்கும் தோன்றவில்லை. 2009இல் உலகத் துடுப்பாட்டச் சபை புகழ் மண்டபம் அமைத்தபோது, தொடக்கப் பட்டியலில் இந்தியர் மூவர் இருந்தனர்: பேடி, கபில்தேவ், கவாஸ்கர். மூவரும் தகுதியுடையோரே. இந்தியா தனது முதற் டெஸ்ட் ஆட்டத்தை ஆடியது 1932இல். பாலு அதற்கு முன்னரே ஓய்ந்துவிட்டார். டெஸ்ட் ஆட்டத்தை அளவுகோலாகக் கொண்டால் அவரை அளக்கும் கோலே இல்லை.

எம்மவர் பெரிதும் விரும்பும் உதைபந்தாட்டத்திலும் இதற்கு ஒப்பான வரலாறு உண்டு. ஆபிரிக்காவின் அக்ராவிற் பிறந்த ஆதர் வார்ட்டன் இங்கிலாந்திற் பிரெஸ்டன் கழகத்தின் இலக்குக் காவலராக விளங்கிய கறுப்பின வீரர். இங்கிலாந்து தேசிய அணியில் அவருக்கு இடம் கிடைக்கவேயில்லை. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியாகி, 1930இல் வறுமையில் மாண்டார். கல்லறைக்குப் பெயர்க்கல் நாட்டியது 1997இல். உதைபந்தாட்டப் புகழ் மண்டபத்திற் பெயர் சேர்ந்தது 2003இல்.

ஆட்டத்தை விட்ட பாலு அரசியலில் இறங்கினார். 1932இற் பூனா ஒப்பந்தத்திற் கையொப்பமிட்டோருள் அவரும் ஒருவர். சென்னைத் தமிழர் எம். சி. இராஜாவும் ஒருவர். 1937இற் பம்பாய்ச் சட்டசபைத் தேர்தலிற் காங்கிரசுக் கட்சி அவரை நிறுத்தியது யாருக்கு எதிராக? முன்னொருநாள் வரவேற்புரை வழங்கிய அம்பேத்கருக்கே எதிராக! அம்பேத்கர் பெற்ற வாக்குகள் 13,245. பாலு பெற்றவை 11,225. அணித்தலைமைக்கு அவரை ஒருபோதும் தேர்ந்தெடுக்காத மேற்குலத்தார், தேர்தலுக்கு மட்டும் அவரைத் தேர்ந்தெடுத்தமை பற்றி வாசகர் தாமே எண்ணிக் கொள்ளலாம்.

1955 யூலையிற் பாலு பம்பாயிற் காலமானார். இறுதிச் சடங்கில் அரசியற் தலைவர்களும் டெஸ்ட் ஆட்டக்காரர்களும் கூடி நின்றனர். அதன்பின் நாற்பத்தேழு ஆண்டுகள் கடந்து, 2002இல் இராமச்சந்திர குகா எழுதிய துடுப்பாட்ட வரலாறு வெளிவந்தபோதுதான் அவர் யாரென்பதைப் புதிய தலைமுறையினர் பலர் கேட்டறிந்தனர்.