ஒரே கணக்கு, ஆளுக்கொரு எண்: ஆன்லைன் குவிஸின் ரகசியத்தை சொல்லித் தரும் ராமானுஜன் வாழ்க்கை!

திருமுல்லைவாயிலில் பக்கத்து பக்கத்து வீட்டில் இருக்கும் இரண்டு பிள்ளைகள், ஒரே நேரத்தில் செல்போனில் கணக்கு குவிஸ் எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் முடித்தவர் விடையை வாட்ஸ்அப்பில் தட்டிவிடுகிறார். அடுத்தவர் அதை அப்படியே போடுகிறார். தப்பு என்று வருகிறது!

காரணம் சிம்பிள். இருவருக்கும் வந்தது ஒரே கேள்விதான். ஆனால் எண்கள் வேறு வேறு.

ஆளுக்கொரு எண் போட்டுக் கேள்வி தயாரிக்கும் இந்த முறையைத்தான் ரேண்டம் கேள்வி என்கிறார்கள். எண்களை மாற்றிப் போடுவது கம்ப்யூட்டருக்கு ஒரு நொடி வேலை. எந்த எண்ணை மாற்றலாம், எந்த எண்ணை மாற்றக் கூடாது என்பதில்தான் மொத்த கணிதமும் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள, கம்ப்யூட்டரே இல்லாத காலத்தில் வாழ்ந்த ஒருவரின் கதைக்குப் போகணும். அவர் நம்ம ராமானுஜன்.

பாடப்புத்தகமே இல்லாத பாடம்

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்தார் சீனிவாச ராமானுஜன். வளர்ந்தது கும்பகோணத்தில். அப்பா ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுபவர். அம்மா கோமளத்தம்மாள்.

1903-ல், பள்ளியில் படிக்கும்போது ஒரு புத்தகம் அவர் கைக்கு வருகிறது. எழுதியவர் ஜி.எஸ்.கார் என்ற ஆங்கிலேயர். பரீட்சைக்கு மாணவர்களைத் தயார் செய்யும் தனி ஆசிரியர் அவர். புத்தகத்தில் சுமார் 5000 கணித முடிவுகள் வரிசையாக இருந்தன. பெரும்பாலானவற்றுக்கு முழு நிரூபணம் கிடையாது.

மனப்பாடம் பண்ணி ஒப்பிக்க வேண்டிய புத்தகம் என்றுதான் மற்றவர்கள் பார்த்திருப்பார்கள். ராமானுஜன் ஒவ்வொரு வரியையும் தனக்குப் போட்ட கேள்வியாக எடுத்துக்கொண்டார். தானே நிரூபித்தார். அதிலிருந்து புதிய முடிவுகளுக்கும் போனார்.

கணக்கில் புலி, பரீட்சையில் ஃபெயில்

1904-ல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கு தவிர வேறு எதிலும் மனம் போகவில்லை. உதவித்தொகை பறிபோனது. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கேயும் மற்ற பாடங்களில் தேறாமல் எஃப்.ஏ. பரீட்சையில் தோற்றார்.

பட்டம் இல்லை, வேலை இல்லை. 1909-ல் ஜானகியுடன் திருமணம் ஆனது. அதன்பின் நோட்டுப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு வேலை கேட்டு அலைந்தார். இந்தியக் கணிதக் கழகத்தை 1907-ல் தொடங்கிய வி.ராமசாமி ஐயரையும், கலெக்டராக இருந்த ஆர்.ராமச்சந்திர ராவையும் சந்தித்தது இந்தக் காலத்தில்தான்.

யாரும் பதில் சொல்லாத கேள்வி

1911-ல் அந்தக் கழகத்தின் இதழில், வாசகர்களுக்கான கேள்விப் பகுதியில் ராமானுஜன் ஒரு கணக்கு போட்டார்.

√(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + ...

வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலம், அதற்குள் இன்னொன்று என்று முடிவே இல்லாமல் போகிறது. மதிப்பு என்ன என்பதுதான் கேள்வி. மாதங்கள் போயின. பதில் வரவில்லை. கடைசியில் அவரே விடையைச் சொன்னார். விடை 3!

அது எப்படி? 3 என்பது 9-ன் வர்க்கமூலம். 9 என்பது 1 + 2 × 4. அந்த 4 என்பது 16-ன் வர்க்கமூலம். 16 என்பது 1 + 3 × 5. அந்த 5-ஐயும் இதே மாதிரி பிரிக்கலாம். பிரித்துக்கொண்டே போனால் மேலே உள்ள வரி வந்துவிடும். (முடிவில்லாமல் போகும்போதும் இது செல்லும் என்று காட்ட தனி நிரூபணம் வேணும். அது உண்டு.)

இங்கேதான் குவிஸ் ரகசியம் இருக்கு. 2-ல் தொடங்குவதற்குப் பதில் 3-ல் தொடங்கினால் விடை 4. 10-ல் தொடங்கினால் 11. எந்த முழு எண்ணில் தொடங்கினாலும், அதற்கு அடுத்த எண்ணே விடை. அதாவது, ராமானுஜன் கையில் இருந்தது ஒரு கேள்வி இல்லை, ஒரு அச்சு. அதிலிருந்து எத்தனை கேள்வி வேணும்னாலும் வார்த்தெடுக்கலாம். இன்று ஆன்லைன் குவிஸ் தயாரிப்பவர்கள் செய்வதும் இதையேதான்.

துறைமுகத்திலிருந்து கேம்பிரிட்ஜ்

1912 மார்ச்சில் சென்னை துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் கிளார்க் வேலை கிடைத்தது. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு கடிதம் எழுதினார். அதே ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. 1914 மார்ச் 17-ல் கப்பல் ஏறினார்.

தெருவில் எந்த வீடு?

கேம்பிரிட்ஜில் அவருக்குப் பழக்கமானவர்களில் ஒருவர், கொல்கத்தாவிலிருந்து வந்த மாணவர் மகலனோபிஸ். 1914 டிசம்பர் ஸ்ட்ராண்ட் இதழில் வந்த ஒரு புதிருடன் அவர் ராமானுஜன் அறைக்கு வந்தார். ராமானுஜன் அப்போது அடுப்பில் காய்கறி வதக்கிக்கொண்டிருந்தார்.

அந்தப் புதிரை நம்ம ஊருக்கு மாற்றிப் பார்ப்போம். திருமுல்லைவாயிலில் ஒரு நீளமான தெரு. ஒரே வரிசையில் 1, 2, 3 என்று வீட்டு எண்கள். உங்க வீட்டுக்கு இடப்பக்கம் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும், வலப்பக்கம் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும் சமம். தெருவில் 50-க்கு மேல், 500-க்குள் வீடுகள். உங்க வீட்டு எண் என்ன?

மகலனோபிஸ் சில நிமிடங்கள் போட்டுப் பார்த்து விடையைக் கண்டுபிடித்துவிட்டார். 288 வீடுகள் உள்ள தெருவில் 204-ம் வீடு. புதிரைக் காதில் வாங்கிய ராமானுஜனோ, அடுப்பை விட்டு நகராமல் ஒரு தொடர் பின்னத்தைச் சொன்னார். அதில் இந்த ஒரு விடை மட்டும் இல்லை, இந்த வகைக் கேள்விகள் அத்தனைக்குமான விடைகளும் வரிசையாக இருந்தன.

சின்ன தெருவில் சரிபார்க்கலாம். 8 வீடுகள், உங்களுடையது 6. இடப்பக்கம் 1 + 2 + 3 + 4 + 5 = 15. வலப்பக்கம் 7 + 8 = 15. அடுத்தது 49 வீடுகளில் 35-ம் வீடு. அதற்கடுத்தது 288-ல் 204. ஒரு வீட்டு எண்ணை 6 ஆல் பெருக்கி, அதற்கு முந்தைய வீட்டு எண்ணைக் கழித்தால் அடுத்தது வரும். 6 × 35-ல் 6 போனால் 204. போட்டுப் பாருங்க!

கம்ப்யூட்டர் எங்கே தப்பு செய்யும்?

இப்போது இதே புதிரை ஒருவர் ஆன்லைன் குவிஸில் வைக்கிறார். வீடுகளின் எண்ணிக்கையை 2 முதல் 500 வரை எதையாவது எடுத்துக்கொள் என்று கம்ப்யூட்டரிடம் விட்டுவிடுகிறார். என்ன ஆகும்?

அந்த 499 எண்களில் விடை இருப்பது 8, 49, 288 ஆகிய மூன்றுக்கு மட்டும். மற்ற எந்த எண் வந்தாலும் கேள்விக்கு விடையே இல்லை! 10 வீடுகள் என்று வந்த பிள்ளை, தனக்குத்தான் கணக்கு வரவில்லை என்று நினைத்து நேரத்தைத் தொலைக்கும். தப்பு பிள்ளை மேல் இல்லை, கேள்வி மேல்.

நல்ல ரேண்டம் கேள்வி எப்படி தயாராகிறது?

* முதலில் அச்சு. கேள்வியில் எண் வரும் இடங்களைக் காலியாக விடணும். மூடுல் போன்ற கல்வி மென்பொருட்களில் இதற்கென்றே தனி கேள்வி வகை இருக்கு.

* இரண்டாவது வரம்பு. தனிவட்டிக் கணக்கில் அசல் 8000, வட்டி 5 சதவீதம், 3 வருடம் என்றால் விடை 1200. அசல் 8137, வட்டி 6.7 சதவீதம் என்று ஒரு பிள்ளைக்கு மட்டும் வந்தால்? பாடம் ஒன்றுதான், பாரம் வேறு. பல நேரங்களில் விடையை முதலில் முடிவு செய்து, அதற்கேற்ற எண்களைப் பின்னோக்கித் தேடுவதுதான் நல்லது. ராமானுஜனின் 3 மாதிரி.

* மூன்றாவது தவறான விடைகள். 9200 என்பது அசலையும் சேர்த்துவிட்டவருக்கு. 400 என்பது வருடத்தால் பெருக்க மறந்தவருக்கு. எண்கள் மாறும்போது இவையும் சேர்ந்து மாறணும்.

* நான்காவது விதை எண். கம்ப்யூட்டர் பெரும்பாலும் ஒரு தொடக்க எண்ணை வைத்து, கணக்கு போட்டுத்தான் ரேண்டம் எண்களை உருவாக்குகிறது. அந்தத் தொடக்க எண்ணைச் சேமித்து வைத்தால், நெட் கட் ஆகி திரும்ப வந்தாலும் அதே பிள்ளைக்கு அதே கேள்வியைக் காட்ட முடியும். மார்க்கில் தகராறு வந்தாலும் சரிபார்க்க முடியும்.

32 வயதில் முடிந்த கணக்கு

ராமானுஜனுக்கு கேம்பிரிட்ஜ் 1916-ல் ஆராய்ச்சிக்காக பி.ஏ. பட்டம் கொடுத்தது. 1917-ல் உடல்நிலை மோசமானது. 1918-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். அதே ஆண்டு டிரினிட்டி கல்லூரி ஃபெல்லோவாகத் தேர்வு செய்தது. 1919-ல் ஊர் திரும்பினார். 1920 ஏப்ரல் 26-ல் சென்னை சேத்துப்பட்டில் காலமானார். வயது 32.

மகலனோபிஸ் நாடு திரும்பி, கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை உருவாக்கினார். ரேண்டமாக மாதிரி எடுத்து முழு நாட்டையும் கணிக்கும் வழியை இந்தியாவுக்குக் காட்டியவர் அவர்தான். ராமானுஜன் பிறந்த டிசம்பர் 22 தேசிய கணித தினம். மகலனோபிஸ் பிறந்த ஜூன் 29 தேசிய புள்ளியியல் தினம்.

ரேண்டம் எண்களின் பயனைக் காட்டியவர் ஒருவர். எண்களுக்கு அடியில் இருக்கும் அச்சைக் காட்டியவர் இன்னொருவர். ஆன்லைன் குவிஸுக்கு இரண்டுமே வேணும்.

அடுத்த தடவை உங்க பிள்ளைக்கு விடையே வராத கேள்வி ஒன்று வந்தால், உடனே திட்டாதீங்க. முதலில் கேள்வியைச் சரிபாருங்க. பரீட்சையில் தோற்ற ஒருவர்தான் உலகமே இன்றும் வியக்கும் கணக்குகளைப் போட்டார்.