கணித மேதை ஆய்லர்

சுவிட்சர்லாந்து நாட்டின் பாசல் நகரில் 1707-ஆம் ஆண்டு பிறந்தவர் லெயோனார்டு ஆய்லர். தந்தை ஒரு போதகர். மகனும் தம்மைப் போலவே ஆக வேண்டுமென விரும்பினார். ஆனால் பேராசிரியர் யோகான் பெர்னூலி சிறுவனின் கணிதத் திறமையை எடுத்துரைக்கவே, தந்தை இசைந்தார். 20 வயதில் ஆய்லர் ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் நகருக்குச் சென்றார்.

முப்பத்திரண்டு 2-களைப் பெருக்கி 1 கூட்டினால் 429,49,67,297 வரும். இது பகா எண் என்று பிரான்சு நாட்டு மேதை ஃபெர்மா நம்பியிருந்தார். இவ்வகையில் இதற்கு முன் வரும் 3, 5, 17, 257, 65,537 ஆகிய ஐந்தும் பகா எண்களே அல்லவா? ஆயினும், மேதை சொன்னதாயிற்றே என்று ஆய்லர் விட்டுவிடவில்லை. 641 இதனை மீதியின்றி வகுக்கும் என்று 1732-இல் காட்டினார். ஈவு 67,00,417. இதனை வகுக்கும் எந்தப் பகா எண்ணையும் 64-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் என்ற விதியையும் பின்னர் நிறுவினார். அத்தகைய பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என வரும். ஐந்தாவது முயற்சியிலேயே விடை கிடைத்துவிடுகிறது!

1738-இல் அவருடைய வலக்கண் பார்வை போயிற்று. முதுமையில் மற்றக் கண்ணும் இருண்டது. ஆயினும் மனத்திலேயே கணக்கிட்டு, பிறரை எழுதச் செய்தார். 214,74,83,647 பகா எண்ணே என்று 1772-இல் அறிவித்தார். 1783-இல் மறைந்தார்.

தோழியரே, பெரியோர் கூற்றையும் பணிவுடன் சோதித்துப் பார்ப்பது அவமரியாதையன்று. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடை இருந்தாலும், நாமே ஒருமுறை வகுத்துப் பார்ப்போமாக!