பஸ்லுர் ரஹ்மான் கானும் எங்கள் ஒழுங்கையும்

எங்கள் ஒழுங்கையில் நான்கு மாடிக் கட்டடமொன்று எழும்புகிறது. மணலும் கல்லும் கம்பியும் பாதையில்தான் கிடக்கின்றன. ஓரிரவு உம்மும்மாவுக்கு மூச்சு இழுத்தபோது முச்சக்கரவண்டி வாசலுக்கு வர முடியவில்லை. வாப்பாவும் சாச்சாவும் அவரைக் கதிரையில் இருத்தி, பெரிய வீதிவரை தூக்கிக்கொண்டு போனார்கள். அல்ஹம்துலில்லாஹ், சுகமாகி வந்துவிட்டார். நான்கு மாடிக்கே இப்படியென்றால், நூறு மாடி கட்டியவர்கள் சாமான்களை எங்கே வைத்தார்கள்? இதைத் தேடப் போய்த்தான் பஸ்லுர் ரஹ்மான் கானை அறிந்துகொண்டேன்.

அவர் 1929இல் டாக்காவில் பிறந்தவர். தந்தை ஒரு கணித ஆசிரியர். 1952இல் புலமைப்பரிசில் பெற்று அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். மூன்றே வருடங்களில் இரண்டு முதுமாணிப் பட்டங்களும் கலாநிதிப் பட்டமும் பெற்றார். (உயர்தரப் பாடத்திட்டத்தையே முடிக்கத் திணறும் எனக்கு இதில் கொஞ்சம் பொறாமைதான்.)

உயர்ந்த கட்டடத்தின் பெரிய எதிரி காற்று. தூண்களை வெளிச்சுவரில் நெருக்கமாக நிறுத்தி, முழுக் கட்டடத்தையும் ஒரு குழாய்போல ஆக்கினால் அது காற்றைத் தாங்கும் என்று கான் காட்டினார். சிக்காகோவின் 110 மாடி சியர்ஸ் கோபுரம், அப்படி ஒன்பது குழாய்களைச் சேர்த்துக் கட்டியது. உயரம் 442 மீற்றர். 1973இல் உச்சியை எட்டியபோது உலகிலேயே உயரமானது அதுதான்.

ஆனால் நான் தேடியது வேறு. நான்கு புறமும் வீதிகள் உள்ள நகர நடுவில் உருக்கை எங்கே அடுக்குவது? இரண்டு மாடி உயரத் தூணொன்றில் பாதிப் பாதி உத்தரங்களைத் தொழிற்சாலையிலேயே ஒட்டிவிட்டார்கள். பார்க்கக் கிளைவிட்ட மரம்போல இருக்கும். அந்த மரங்கள் தேவையான நேரத்தில் லொறியில் வந்தன. பாரந்தூக்கிகள் அவற்றை மேலே தூக்கின. உத்தரங்களின் நடுவில் ஆணி முடுக்கினால் போதும். கட்டடம் உயர உயர பாரந்தூக்கிகளும் அதனோடு மேலே ஏறின. இட நெருக்கடிக்கு விடை கட்டும் இடத்தில் அல்ல, வரைபடத்திலேயே தொடங்கியிருக்கிறது.

1971இல் பங்களாதேஷ் போராடியபோது, சிக்காகோவிலிருந்தே தாய்நாட்டுக்கு ஆதரவு திரட்டினார். கடைசிக் காலத்தில் ஜித்தா விமான நிலையத்தின் ஹஜ் முனையத்துக்குக் கூடாரக் கூரை அமைப்பதில் ஈடுபட்டார். 1982இல் அதே ஜித்தாவில் மாரடைப்பால் வபாத்தானார். வயது 52. ஜனாஸா சிக்காகோவில் அடக்கப்பட்டது.

உம்மும்மா ஹஜ்ஜுக்குப் போனபோது அந்தக் கூடாரங்களின் கீழ்தான் காத்திருந்தாராம். அமைத்தவரைப் பற்றி நான் சொன்னதும், பெயரை இரண்டு முறை கேட்டுக்கொண்டு, கையேந்தி துஆச் செய்தார்.