கடை எரிந்தது, கணக்கு முடியவில்லை: வணிகர் நாராயண பிள்ளை

1819 மே மாதம் ராஃபிள்ஸ் இரண்டாவது முறையாகச் சிங்கப்பூருக்கு வந்தபோது, அவருடன் பினாங்கிலிருந்து வந்திறங்கினார் நாராயண பிள்ளை. புதிய ஊரில் எல்லாருக்கும் வீடு தேவைப்பட்டது. வீட்டுக்குச் செங்கல் தேவைப்பட்டது. பினாங்கிலிருந்து கொத்தனார்களையும் தச்சர்களையும் வரவழைத்து, தஞ்சோங் பகாரில் சூளை போட்டார். சிங்கப்பூரின் முதல் இந்தியக் கட்டட ஒப்பந்ததாரர் என்ற பெயர் அவருக்கு உண்டு.

தொழில் வளர்ந்ததும் கிராஸ் ஸ்திரீட்டில் துணிக்கடை திறந்தார். சரக்கு கடனுக்கு வாங்கியது. 1822இல் தீப்பிடித்துக் கடை சாம்பலானது. கடன் மட்டும் மிஞ்சியது.

ஊரைவிட்டு ஓடாமல் ராஃபிள்ஸிடம் உதவி கேட்டார் பிள்ளை. கமர்ஷியல் ஸ்குவேரில் அவருக்கு இடம் கிடைத்தது. இன்று ராஃபிள்ஸ் பிளேஸ் எனப்படும் அந்த இடம் ஆற்றுத்துறைக்குப் பக்கம். வணிகர்கள் கூடும் நடுமையம். அங்கே புதுக் கிடங்கு எழுப்பி வியாபாரத்தை மீட்டார்.

தமக்கு ஓர் இடம் அமைந்ததோடு அவர் நிற்கவில்லை. 1827இல் சவுத் பிரிட்ஜ் சாலையில், மரத்தாலும் அத்தாப்பாலும் ஆன மாரியம்மன் கோயிலை எழுப்பினார். வாடகைக் கடையில் இன்று தொழில் தொடங்கும் நம் இளையர்களுக்கு, அவர் நமக்குள் ஒரு முன்னோடி.