கணக்கு ஆசிரியர், நூலகத் தந்தை ஆன கதை!

படித்துப் பட்டம் வாங்கி, ஆசிரியர் பயிற்சியும் முடித்து, நல்ல வேலைக்கு ஏங்கியவர்களில் சீர்காழி ரங்கநாதனும் ஒருவர். "இந்திய நூலகத் தந்தை" என்று உலகம் போற்றும் எஸ்.ஆர்.ரங்கநாதன்தான் அவர்.

1892-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தஞ்சை மாவட்டம் சீர்காழியில் பிறந்தார். 6 வயதில் தந்தையை இழந்தார். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, 1916-ல் கணிதத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றார். பிறகு சைதாப்பேட்டையில் ஆசிரியர் பயிற்சி.

திக்குவாய்

ஆசிரியர் வேலைக்குப் பேச்சு முக்கியம். ரங்கநாதனுக்கோ திக்குவாய்! ஆனாலும் அவர் பின்வாங்கவில்லை. 1917-ல் மங்களூர் அரசுக் கல்லூரியில் வேலை கிடைத்தது. மங்களூர் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. அங்கிருந்து கோவை. பிறகு 1921-ல் சென்னை மாநிலக் கல்லூரி. திக்குவாயும் சிறிது சிறிதாகக் குறைந்தது.

ஊர் ஊராக மாற்றல். இளம் ஆசிரியருக்குச் சம்பளமோ குறைவு.

900 பேர் போட்டி

1923-ல் சென்னைப் பல்கலைக்கழகம் நூலகர் பதவி ஒன்றை உண்டாக்கியது. சுமார் 900 பேர் மனுப் போட்டார்கள். நூலகப் பயிற்சி பெற்றவர் அவர்களில் ஒருவர்கூட இல்லை! ரங்கநாதனும் மனுப் போட்டுவிட்டு, அதை மறந்தே போனார். பேட்டிக்கு அழைப்பு வந்ததும், கலைக்களஞ்சியத்தில் நூலகம் பற்றிய கட்டுரையைப் படித்துவிட்டுப் போனார். அவர் எழுதியிருந்த கணித ஆராய்ச்சிக் கட்டுரைகள் கைகொடுத்தன. வேலை அவருக்கே கிடைத்தது.

1924 ஜனவரியில் பொறுப்பு ஏற்றார். ஆனால் மனம் ஒட்டவில்லை. வகுப்பில் மாணவர்களோடு இருந்தவருக்கு, ஆள் வராத நூலகம் சிறையாகத் தெரிந்தது. சில வாரங்களிலேயே, பழைய ஆசிரியர் வேலையைத் திருப்பித் தரும்படி கெஞ்சினார்.

மேலதிகாரிகள் ஒரு நிபந்தனை போட்டார்கள். முதலில் லண்டன் சென்று நூலகப் பயிற்சி பெறவேண்டும். திரும்பி வந்த பிறகும் பிடிக்காவிட்டால் பழைய வேலை உண்டு. சம்மதித்துக் கப்பல் ஏறினார்.

லண்டனில் திருப்பம்

இங்கிலாந்தில் தொழிலாளர்களும் குழந்தைகளும் நூலகங்களில் கூடியதைக் கண்டு வியந்தார். ஒரு கடையில் பார்த்த விளையாட்டுப் பொருள் அவருக்குப் புது யோசனையைத் தந்தது. சில துண்டுகளையே மாற்றி மாற்றிப் பூட்டினால் பல பொம்மைகள் செய்யலாம். அதுபோல் ஒரு நூலின் பொருளையும் பகுதிகளாகப் பிரித்துக் குறியிட்டுச் சேர்க்கலாம் என்று கண்டார். "கோலன்" பகுப்பு முறை பிறந்தது இப்படித்தான். 1933-ல் அது நூலாக வெளிவந்தது.

1925-ல் சென்னை திரும்பியவர், ஆசிரியர் வேலையைக் கேட்கவே இல்லை! 1944 வரை அதே நூலகத்தில் உழைத்தார். புத்தகம் பூட்டி வைக்க அல்ல, படிக்கவே என்பது அவர் கொள்கை. நூலகத்துறையின் ஐந்து விதிகளை 1931-ல் நூலாக வெளியிட்டார்.

வகுப்பையும் அவர் விட்டுவிடவில்லை. 1929-ல் தொடங்கிய நூலகப் பயிற்சி வகுப்பில் மறுபடி ஆசிரியர் ஆனார். இந்தத் தடவை, நூலகர்களுக்கு!

பெங்களூரில்

அவருடைய முயற்சியால் 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. ஆயுள் முழுதும் சேமித்த 1 லட்சம் ரூபாயை, மனைவி சாரதா பெயரில் நூலகத்துறைப் பேராசிரியர் பதவி அமைக்க, 1956-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்தார்.

கடைசிக் காலத்தைப் பெங்களூரில் கழித்தார். 1962-ல் இங்கே ஆவணப் பயிற்சி ஆராய்ச்சி மையத்தை உருவாக்கினார். 1965-ல் கர்நாடகத்திலும் (அப்போது மைசூர் மாநிலம்) பொது நூலகச் சட்டம் வந்தது. அடுகோடியில் சொந்த வீடு உள்ளவர்கள் சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுவது இந்தச் சட்டப்படிதான்.

1972 செப்டம்பர் 27-ந் தேதி ரங்கநாதன் பெங்களூரில் காலமானார். ஆகஸ்டு 12-ந் தேதி அவர் நினைவாக நூலகர் தினமாகக் கொண்டாடப்படுகிறது.