மருந்தின் பெயரில் நிலைத்த மாமனிதர் ஹகீம் அஜ்மல்கான்



இரத்தக் கொதிப்பும் இதயநோயும் மூச்சிரைப்பும் இல்லாத தெருவே இன்று இல்லை எனலாம். கிளியனூரிலிருந்து திண்டிவனம் அரசு மருத்துவமனைக்கும், முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரிக்கும், புதுச்சேரி ஜிப்மருக்கும் செல்லும் நம்மவர்களில் பலர் இந்நோய்களுக்காகவே செல்கின்றனர். செவிலியர் படிப்பில் சேரும் பெண்மக்கள் இவற்றைப் பாடமாகவே படிக்கின்றனர். இதயத்துக்குரிய மருந்துகளின் வரிசையில் அஜ்மலின் என்றொரு பெயர் உண்டு. அது தில்லியில் வாழ்ந்த ஒரு யூனானி ஹகீமின் பெயரால் வந்தது என்பதை நம்மில் பலர் அறியார். அன்னாரின் வரலாற்றை இம்மலரில் சுருக்கமாகத் தருகின்றோம்.

குடும்பமும் கல்வியும்

ஹகீம் அஜ்மல்கான் அவர்கள் 1868ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் தில்லியில் பிறந்தார்கள். பாபர் காலத்தில் மத்திய ஆசியாவிலிருந்து இந்தியாவுக்கு வந்த குடும்பம் அது. முன்னோர் பலர் முகலாய அரசவையில் மருத்துவர்களாக விளங்கினர். பல்லிமாரான் பகுதியில் உள்ள அவர்களுடைய ஷரீஃப் மன்ஸில் என்னும் இல்லம் தலைமுறை தலைமுறையாக நோயாளிகள் தேடிவந்த இடமாகும்.

இளம் வயதிலேயே திருக்குர்ஆனை மனனம் செய்து ஹாஃபிழ் ஆன அன்னார், அரபு, பாரசீக மொழிகளைக் கற்று, தந்தையார் ஹகீம் மஹ்மூத்கானிடமும் மூத்த சகோதரர்களிடமும் மருத்துவம் பயின்றார்கள். 1892இல் ராம்பூர் நவாபின் தலைமை மருத்துவராக அமர்ந்தார்கள். நாடியின் பருமன், வேகம், வலிமை, ஒழுங்கு முதலிய பத்துத் தன்மைகளை விரல் நுனியால் ஆய்ந்து நோயறிவது யூனானி முறை. அதில் அன்னாரின் திறமை நாடெங்கும் பேசப்பட்டது. மன்னர்களும் செல்வர்களும் வெளியூருக்கு அழைத்தால் நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய் பெறுவார்கள். தில்லிக்குத் தம்மை நாடி வருவோருக்கு, அவர் செல்வரானாலும் வறியவரானாலும், கட்டணமின்றி வைத்தியம் பார்ப்பார்கள்.

பெண்களுக்கென ஒரு பள்ளி

அக்காலத்தில் பேறுகாலத்தில் தாயும் சேயும் மடிவது வழக்கமான துயரமாக இருந்தது. ஆண் மருத்துவரிடம் செல்லக் கூச்சம். வீட்டுக்கு வரும் மருத்துவச்சிக்கோ முறையான பயிற்சி இல்லை. இதைக் கண்ட அஜ்மல்கான் அவர்கள் 1909இல் தில்லியில் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார்கள். தாய்சேய் நலத்துக்கான பயிற்சி அங்கே அளிக்கப்பட்டது. பர்தாவைக் காரணம் காட்டிப் பெண்களுக்கு மருத்துவத்தை மறுக்காமல், பெண்களையே பயிற்றுவித்து அந்தத் தடையை நீக்கியது அன்னாரின் தொலைநோக்காகும்.

பழமையைக் காத்தவர், பரிசோதனைக்கும் உட்படுத்தியவர்

ஹகீம்களையும் வைத்தியர்களையும் ஒதுக்கிவிடும் வகையில் பம்பாய் மாகாணத்தில் மருத்துவர் பதிவுச் சட்டம் ஒன்று முன்வைக்கப்பட்டது. 1912இல் அது சட்டமாயிற்று. இந்த ஆபத்தை முன்னுணர்ந்த அஜ்மல்கான் அவர்கள், 1910இல் ஆயுர்வேத வைத்தியர்களையும் யூனானி ஹகீம்களையும் ஒரே மாநாட்டு அமைப்பில் இணைத்தார்கள்.

ஆயினும் முன்னோர் சொன்னது அனைத்தும் சரியே என்று வாதிடுபவராக அன்னார் இருக்கவில்லை. 1911இல் ஐரோப்பா சென்று அங்குள்ள மருத்துவமனைகளைப் பார்வையிட்டார்கள். திரும்பிவந்து, யூனானியும் ஆயுர்வேதமும் கற்பிக்கும் கல்லூரியில் உடற்கூறும் அறுவை மருத்துவமும் பாடமாக வேண்டும் என்று வலியுறுத்தினார்கள். பழமையில் ஊன்றிய ஹகீம்களில் சிலர் இதனை எதிர்த்தனர். அன்னார் பின்வாங்கவில்லை. தாம் நிறுவிய ஹிந்துஸ்தானி தவாகானா என்னும் மருந்தகத்தின் வருவாயைக் கல்லூரிக்கே அளித்தார்கள். 1916இல் அடிக்கல் நாட்டப்பெற்ற திப்பியா கல்லூரியை 1921 பிப்ரவரி 13 அன்று காந்தியடிகள் திறந்து வைத்தார்.

இதே எண்ணம் நம் மாகாணத்திலும் எழுந்தது. முஹம்மது உஸ்மான் அவர்கள் தலைமையில் 1921இல் அமைந்த குழு நாட்டு மருத்துவ முறைகளை ஆராய்ந்தது. அதன் பயனாக 1925இல் சென்னையில் சித்தம், ஆயுர்வேதம், யூனானி மூன்றையும் கற்பிக்கும் அரசுப் பள்ளி தோன்றியது.

தேசப்பணியும் மறைவும்

ஆங்கிலேய அரசு 1908இல் வழங்கிய ஹாஸிகுல் முல்க் என்னும் பட்டத்தை, கிலாஃபத், ஒத்துழையாமை இயக்கங்களின்போது 1920இல் அன்னார் துறந்தார்கள். மக்கள் மஸீஹுல் முல்க் என்னும் பட்டத்தைச் சூட்டினர். 1921 அஹமதாபாத் காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை ஏற்றார்கள். ஜாமிஆ மில்லிய்யா இஸ்லாமிய்யாவின் முதல் வேந்தராகவும் விளங்கினார்கள். 1927 டிசம்பர் 29 அன்று அன்னாரின் உயிர் பிரிந்தது. எண்ணற்றோரின் நாடியைப் பார்த்த அந்தப் பெரியவரை இதயநோயே கொண்டு சென்றது. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

வேரிலிருந்து வந்த மருந்து

மறைவதற்கு முன் அன்னார் ஒரு விதை ஊன்றிச் சென்றார்கள். ஜெர்மனியில் வேதியியல் பயின்ற சலீமுஸ்ஸமான் சித்தீக்கி என்னும் இளைஞருக்குப் பொருளுதவி செய்து, அவர் நாடு திரும்பியதும் திப்பியா கல்லூரியில் ஆராய்ச்சிப் பணியை ஒப்படைத்தார்கள். சித்தீக்கி எடுத்துக்கொண்டது சர்ப்பகந்தி வேர். பாம்புக்கடி, தூக்கமின்மை, சித்தப் பிரமை ஆகியவற்றுக்கு நாட்டு வைத்தியர்கள் கொடுத்துவந்த வேர் அது. 1931இல் அவ்வேரிலிருந்து ஐந்து வேதிப்பொருள்களைப் பிரித்தெடுத்த சித்தீக்கி, தம் ஆசானை நினைத்து அவற்றுள் மூன்றுக்கு அஜ்மலின், அஜ்மலினின், அஜ்மலிசின் என்று பெயரிட்டார். அவ்வாண்டே கல்கத்தாவின் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகியோர் அவ்வேர் இரத்தக் கொதிப்பைத் தணிப்பதை வெளியிட்டனர். பம்பாயின் ருஸ்தம் வக்கீல் 1949இல் தம் ஆய்வை உலகறியச் செய்தார். 1952இல் சுவிட்சர்லாந்தில் அதே வேரிலிருந்து ரெசர்பின் பிரிக்கப்பட்டு, பல்லாண்டுகள் உலகெங்கும் இரத்தக் கொதிப்பு மருந்தாகப் பயன்பட்டது.

அஜ்மலின் இதயத்தின் மின்னோட்டத்தைத் தாமதப்படுத்தித் துடிப்பின் ஒழுங்கைச் சீராக்குவது. 1992இல் விவரிக்கப்பட்ட ப்ருகாடா என்னும் பரம்பரை நோயில், பார்வைக்கு நலமாக இருப்பவர் உறக்கத்திலேயே திடீரென இறப்பதுண்டு. குழந்தைகளுக்குக் காய்ச்சலின்போது இதன் அறிகுறி வெளிப்படலாம். மறைந்திருக்கும் இந்நோயைக் கண்டறிய, பல நாடுகளில் அஜ்மலினை ஊசி வழியே செலுத்தி இ.சி.ஜி. பார்க்கின்றனர். அச்சோதனையிலேயே துடிப்பு ஆபத்தாக மாறக்கூடும் என்பதால், உயிர்காக்கும் கருவிகளும் பயிற்சி பெற்ற செவிலியரும் அருகில் இருந்தாக வேண்டும்.

நமக்குரிய படிப்பினை

நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்கு வழிகாட்டியிருக்கிறார்கள். ஆனால், நாற்பத்தெட்டு நாளில் இரத்தக் கொதிப்பு அறவே தீரும் என்னும் விளம்பரத்தை நம்பி, மருத்துவர் தந்த மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவோர் நம்மிடையே உண்டு. பக்கவாதம் வந்த பிறகே தவறு தெரிகிறது. மூலிகைதானே, கெடுதல் செய்யாது என்பதும் பிழையான எண்ணம். சர்ப்பகந்தி வேரே அளவு மீறினால் நாடியை மந்தமாக்கும், இரத்த அழுத்தத்தை மிகவும் இறக்கும், மனச்சோர்வையும் உண்டாக்கும். வேரின் நன்மையையும் தீமையையும் அளந்து சொன்னது பரிசோதனையே. அத்தகைய பரிசோதனைக்குத் தம் குலத்தொழிலையே உட்படுத்தியவர் ஹகீம் அஜ்மல்கான். அன்னாரின் பெயரைச் சொல்லிப் பரிசோதியாத மருந்தை உண்பது அன்னாருக்குச் செய்யும் மரியாதையாகாது.

எனவே ஜமாஅத்தார்கள் அனைவரும் இரத்த அழுத்தத்தை அவ்வப்போது பார்த்துக்கொள்ளவும், மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்தாதிருக்கவும் வேண்டுகின்றோம். பிள்ளைகளுக்கு மூச்சிரைத்தாலோ உதடு நீலம் பாய்ந்தாலோ ஒரு நொடியும் தாமதிக்க வேண்டாம். செவிலியர் படிப்பை விரும்பும் பெண்மக்களைத் தடுக்காமல் ஊக்குவிப்போம். நூறாண்டுக்கு முன்னரே பெண்களுக்கு மருத்துவப் பள்ளி திறந்த பெரியவரின் சமுதாயம் நாம் என்பதை மறவாதிருப்போம்.

அல்லாஹ் அன்னாரின் பிழைகளைப் பொறுத்து, உயர்ந்த சுவனத்தை வழங்குவானாக. நம் நோயாளிகள் அனைவருக்கும் பூரண ஷிஃபாவை அருள்வானாக. ஆமீன்.